ஏழு சுற்றிலும் எடுபடாதவன்

1

போன குளிர்காலம் முழுக்க எனக்கும் என் மகளுக்கும் இடையே ஓர் இளைஞன் பிரச்சினையாக இருந்தான். இருபத்து மூன்று வயது. நல்ல உயரம், நல்ல உடம்பு. அவனை எனக்குக் கொடுத்துவிடு என்று அவள் கேட்டாள். மாட்டேன் என்று நான் சொன்னேன். இதை வெள்ளக்கடையில் இருக்கும் என் தம்பி செந்திலிடம் போனில் சொன்னபோது அவன் மெதுவாக, "ஏனுங்க்கா, மாமா ஊட்டுல இருக்காருங்களா? போனைக் கொஞ்சம் அவர்கிட்டக் குடுங்க" என்றான்.

அவன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இளைஞனை நானோ என் மகளோ நேரில் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் இருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. அவன், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவன். இங்கே அவனை மார்லன் என்று குறிப்பிடுகிறேன். உண்மைப் பெயர் வேண்டாம், அவனும் பிழைக்க வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவர்களுக்குப் பிறந்தவள். சேலத்தில் நுண்ணுயிரியல் படித்து, கல்யாணமாகி, கணவரின் வேலை காரணமாக விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்தேன். வந்து பத்தொன்பது வருடமாகிறது. இங்கே ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காப்பிக்கொட்டை பறித்த குடும்பத்தில் பிறந்து பாலில் வந்து நிற்கிறேன். எங்கள் வம்சத்தில் இன்னும் ஒருவர் சர்க்கரை ஆலைக்குப் போய்விட்டால் ஒரு டம்ளர் காப்பி முழுதாகக் கிடைத்துவிடும்.

2

மகளுக்கு இலக்கியா என்று ஆசையாகப் பெயர் வைத்தோம். பாலர் பள்ளியில் சேர்த்த முதல் வாரமே அவள் லக்கி ஆகிவிட்டாள். ஆசிரியை தொடக்கத்தில் இரண்டு தடவை முயற்சி செய்தார், மூன்றாம் தடவை சிரித்தார், நான்காம் தடவை லக்கி. இப்போது அவளுக்குப் பதினாறு வயது. வீட்டின் மேல் மாடியில் இருக்கிறாள். "இருக்கிறாள்" என்பதை நாங்கள் ஊகமாகத்தான் சொல்லமுடியும். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும், குளிர்பதனப் பெட்டியில் பால் குறையும். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அந்தப் பதிலும் பெரும்பாலும் "ஃபைன்" என்ற ஒரே சொல்லாக இருக்கும். பள்ளி எப்படி? ஃபைன். சாம்பார்? ஃபைன். உடம்பு சரியில்லையா? ஃபைன்.

ஆகஸ்டு மாதம் ஒருநாள் அவளாகவே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். (அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் இந்தக் குறிப்பு நெடுகத் தமிழில் எழுதுகிறேன்.)

"அம்மா, எங்க லீக்ல ஒரு ஆள் குறையுது. நீ சேர்றியா?"

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிரிக்கெட்டில் நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நாமே ஓர் அணி அமைத்துக்கொள்வதும், அவர்கள் நிஜ ஆட்டத்தில் அடிக்கும் ரன்னுக்கு நமக்குப் புள்ளி விழுவதும் நம் பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. இங்கே அதைக் கால்பந்தில் ஆடுகிறார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தது ஒரு லீக். முறை வைத்து ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எடுத்தவனை இன்னொருவர் எடுக்க முடியாது. பந்தைத் தூக்கிக்கொண்டு பத்து கஜம் ஓடினால் ஒரு புள்ளி, கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு. வாரம் ஒருவரோடு மோதல்.

லக்கிதான் அந்த லீக்கின் கமிஷனர். விதிமுறை எழுதுவது, தகராறு தீர்ப்பது எல்லாம் அவள். பள்ளித் தோழர் ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் பதினொரு பேர் ஆகிவிட்டார்கள். பதினொன்றை இரண்டிரண்டாகப் பிரிக்க முடியாது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றேன்.

"தெரிய வேண்டாம். நீ எதுவுமே செய்ய வேண்டாம். கம்ப்யூட்டரே உனக்கு ஆள் எடுத்துக்கும். நீ சும்மா இருந்தாப் போதும்."

பெற்ற பிள்ளை பல மாதம் கழித்து ஒன்று கேட்கிறது, அதுவும் சும்மா இருக்கச் சொல்லி. உடனே சேர்ந்துவிட்டேன்.

3

என் அணியின் பெயர் "ஃபுனு". நான் வைத்த பெயர் இல்லை. நம் ஊர்க் கடவுச்சீட்டில் எனக்கு மல்லிகா என்று ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. விசா கொடுத்தவர்கள் மல்லிகாவைக் குடும்பப் பெயராக நகர்த்திவிட்டு, காலியான முதல் கட்டத்தில் "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக மூன்று எழுத்தைப் போட்டுவிட்டார்கள். எஃப், என், யூ. அதிலிருந்து ஓட்டுநர் உரிமம், மின்சாரக் கட்டணம், பல் மருத்துவர் எல்லாவற்றிலும் நான் ஃபுனு. "ஃபுனு, எவ்வளவு அழகான பெயர், என்ன அர்த்தம்?" என்று ஒரு வங்கி ஊழியர் கேட்டார். "தெரியவில்லை" என்றேன். அதுதானே உண்மை.

லக்கி சொன்னபடி கம்ப்யூட்டர் எனக்கு ஆட்களை எடுத்தது. நான் அந்த நேரம் வத்தக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வாரமும் தோற்றேன். லக்கி மாடியிலிருந்து "பரவாயில்லம்மா" என்று செய்தி அனுப்பினாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் வாரம் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டின்போது கைபேசியில் ஒரு சின்ன வீடியோப் படம் வந்தது. இங்கே ஒவ்வோர் ஏப்ரலிலும், கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைப் பெரிய அணிகள் ஏழு சுற்றாக எடுத்துக்கொள்ளும் ஒரு சடங்கு மூன்று நாள் நடக்கும். எடுக்கப்படுவோம் என்று நம்புகிறவர்கள் வீட்டில் சொந்தபந்தத்தைக் கூட்டி, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, போன் வருமா என்று காத்திருப்பார்கள். அந்தப் படத்தில் மார்லனின் குடும்பமும் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துக் காத்திருந்தது. மூன்றாம் நாள் ஏழாம் சுற்றின் கடைசிப் பெயரையும் சொல்லி முடித்துவிட்டார்கள். மேசைமேல் வெட்டாத கேக். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மார்லன் எழுந்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வாடகை நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடித்துச் சுவரோரம் சாய்த்து வைக்க ஆரம்பித்தான்.

இப்படி எடுபடாமல் போனவர்களை, எல்லாம் முடிந்தபிறகு, எந்த அணி வேண்டுமானாலும் சும்மா கூப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு வடக்கத்தி அணி அவனைக் கூப்பிட்டு மூன்றாவது ஆளாக உட்கார வைத்திருந்தது. எங்கள் லீக்கிலும் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அவனை எடுக்கவில்லை. நிஜ அணிகளும் எடுக்கவில்லை, பொய் அணிகளும் எடுக்கவில்லை.

எங்கள் எஸ்டேட்டில் காலையில், கணக்கு எழுதும் ரைட்டர் பெயர் வாசிப்பார். வாசித்தவர்கள் அன்றைக்கு வேலைக்குப் போவார்கள். அப்பா சில வருடம் நிரந்தரமில்லாமல் இருந்தார். பெயர் வாசிக்காத நாளிலும் அவர் வீடு திரும்பமாட்டார், கூடையோடு அங்கேயே நிற்பார். யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வராமல் போகாது என்பது அவர் கணக்கு. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அடுத்தவர் காய்ச்சலை எதிர்பார்த்து நிற்பதுதான்.

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மார்லனை என் அணியில் சேர்த்தேன். பத்து நிமிடத்தில் கமிஷனரிடமிருந்து செய்தி வந்தது.

"அம்மா, தப்பா ஏதாவது அமுக்கிட்டியா? அவன் மூணாவது ஆள். அவனுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

"ரெண்டு பேர்தானே" என்று பதில் போட்டேன்.

4

அக்டோபரில் முதல் ஆளுக்கு முழங்கால் போயிற்று. இரண்டாவது ஆள் பந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் பயிற்சியாளரின் வெறுப்பைச் சம்பாதித்தான். மார்லன் இறங்கினான். இறங்கிய முதல் ஞாயிறே இரண்டு தடவை கோட்டைத் தாண்டினான். அடுத்த வாரமும் தாண்டினான். மூன்றாம் வாரம் தொலைக்காட்சியில் கோட் போட்ட நால்வர் உட்கார்ந்து, இவனை எப்படி எல்லோரும் கோட்டைவிட்டார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கேட்டிருக்க வேண்டியது தங்களைத்தான். நான் வரிசையாக ஜெயித்தேன். ஃபுனுவைப் பற்றிப் பள்ளியில் பேசிக்கொள்வதாகக் கேள்வி.

ஒரு புதன்கிழமை நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது லக்கி வந்து அடுப்பு மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கால் கிட்டத்தட்டத் தரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

"அம்மா, மார்லனை எனக்குக் குடு. பதிலுக்கு ரெண்டு பேர் தர்றேன்."

"யாரு ரெண்டு பேரு?"

சொன்னாள். ஒவ்வொருவனும் எப்படிப்பட்டவன், எதிரணி எது, எந்த மைதானத்தில் காற்று அதிகம் என்றெல்லாம் சொன்னாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நடுவில் ஒரு சப்பாத்தியை எடுத்துச் சுருட்டித் தின்றாள். அவள் கணித ஆசிரியருக்கு அந்த லீக் ஒன்றும் புரியாதது, அவள் தோழி ஒருத்தி அழுதது, மழையில் பேருந்தைத் தவறவிட்டது, இவையெல்லாம் மார்லனைச் சாக்கிட்டு எனக்குத் தெரியவந்தன. கடைசியில், "சரியா?" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் மூன்று பேர் தருவதாக வந்தாள். நான் யோசித்தேன். வெள்ளிக்கிழமை தோசை சுடும்போது வந்தாள். இன்னும் யோசித்தேன். ஒரு மாதம் முழுக்க எங்கள் சமையலறையில் இந்தப் பேச்சுவார்த்தை நடந்தது. என் கணவர், "அந்தப் பையனைக் குடுத்துத் தொலையேன். நீ என்ன கோப்பையா வாங்கப்போற?" என்றார்.

"குடுத்துட்டா அவ மாடிக்குப் போயிடுவா" என்றேன். அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த ஆட்டத்தின் மொழி என்னை வேலையிடத்தில் வேறு வகையில் மாட்டிவிட்டது. காயம்பட்டவன் அந்த வாரம் ஆடுவது சந்தேகம் என்றால் அவன் பெயருக்கு எதிரே "க்வெஸ்சனபிள்" என்று போடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஏன் முகம் வாட்டமாக இருக்கிறது என்று பக்கத்து மேசைப் பெண்மணி கேட்டார். "என் ஆள் இந்த ஞாயிற்றுக்கிழமை க்வெஸ்சனபிள்" என்றேன். அவர் என் தோளைத் தொட்டார். மாலையில் கிளம்பும்போது கையில் ஒரு சின்ன அட்டையைத் திணித்தார். காரில் உட்கார்ந்து பார்த்தேன். தம்பதியர் ஆலோசனை மையம்.

நவம்பரில் ஆட்களை மாற்றிக்கொள்வதற்குக் கடைசி நாள் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. அந்தச் சனிக்கிழமை லக்கி கடைசியாக வந்து கேட்டாள். அடுப்பு மேடையில் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன். நாள் முடிந்தது. மறுநாள் காலை அவள் வரவில்லை. மாலையும் வரவில்லை. திங்கட்கிழமை பள்ளி எப்படி என்று கேட்டேன்.

"ஃபைன்."

பேச்சு நிற்காமல் இருப்பதற்காக ஆளைப் பிடித்து வைத்திருந்தேன். இப்போது ஆள் இருந்தான், பேச்சு இல்லை.

5

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் எந்த நல்ல காரியமும் கிடைக்காது. இங்கே பள்ளி விடுமுறை விடுவது டிசம்பர் கடைசியில். ஊரில் அப்போது மார்கழி. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. பத்தொன்பது வருடத்தில் நான் ஊரில் ஒரு பந்தியில்கூட உட்கார்ந்ததில்லை. செந்தில் வெள்ளக்கடையில் புது வீடு கட்டி முடித்திருந்தான். பால் காய்ச்சுவது தை மாதம். "நீங்க வந்து சும்மா பாத்துட்டுப் போங்கக்கா, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றான்.

கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. லக்கியும் நானும் பள்ளி மூடிய அன்றே கிளம்பினோம். விமானத்தில் அவள் காதில் மாட்டியதைக் கழற்றவே இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்த வாரம் லீக்கின் அரையிறுதி. கமிஷனர் லக்கிக்கு எதிராக ஃபுனு. அவள் கேட்ட அதே மார்லன் அவளுக்கு எதிராக ஓடப்போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கே செந்தில் வாடகைக் காரோடு வந்துவிட்டான். அவன் வெள்ளக்கடையில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். நகத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும். லக்கியை அவன் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பத்து வயது.

"வா கண்ணு! நொம்ப வளந்துட்டியே சாமி" என்றான். அவள் "ஹாய் மாமா" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் ஒதுங்கினாள்.

அடிவாரம் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் அவள் கைபேசியில் சிக்னல் போய்ப் போய் வந்தது. அவள் முனகிக்கொண்டே திரையைத் தட்டினாள். முன்னால் உட்கார்ந்திருந்த செந்தில் திரும்பிப் பார்த்தான்.

"என்ன கண்ணு, டீம் போடறயா?"

அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? நானும் கிரிக்கெட்ல போடறவந்தானே. காசு கீசு கெடையாது, பட்டறைப் பசங்களோட சும்மா."

அவ்வளவுதான். அடுத்த வளைவில் அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். அதற்கடுத்த வளைவில் அவன் தன் அணியை அவளுக்குக் காட்டினான். மலை உச்சிக்கு வருவதற்குள், யாருக்கும் தெரியாத ஒரு பந்துவீச்சாளனைத் தான் எடுத்தது எப்படி என்று அவன் கதை சொல்ல, நான் போனில் அரைகுறையாகச் சொல்லியிருந்த மார்லனைத் தன் தாய் தராமல் வஞ்சித்தது எப்படி என்று அவள் கதை சொல்ல, இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரிந்த தமிழும் அவனுக்குத் தெரிந்த ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு பக்கம் நிரம்பாது. இருந்தும் எங்கேயும் தடைப்படவில்லை.

"ஏனுங்க்கா, புள்ள அத்தன தடவ கேட்டுருக்குது. குடுத்தா என்னங்க்கா?"

"இப்பக் கொடுக்க முடியாதுடா. தேதி முடிஞ்சு போச்சு."

"அப்புடீங்களா" என்றான். என்னை அவன் நம்பவில்லை.

6

திங்கட்கிழமை விடிந்தபோது லக்கி பழைய வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் செந்திலும் புது வீட்டு மொட்டைமாடிக்குப் போனோம். பால் காய்ச்சாத வீட்டில் குடியிருக்கக்கூடாது, சிக்னல் பார்க்கலாம் என்று அவன் சொல்லியிருந்தான். மூடுபனி கைப்பிடிச் சுவர்வரை வந்து நின்றது. எதிரே கரடியூர்ப் பக்கத்து மலை இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் இருந்தது.

அங்கே ஞாயிறு பகல் ஆட்டங்கள் எல்லாம் நாங்கள் தூங்கும்போதே முடிந்திருந்தன. லக்கியின் ஆட்கள் அத்தனை பேரும் ஆடிவிட்டார்கள். அவள் என்னைவிட ஒன்பது புள்ளி முன்னால் இருந்தாள். எனக்கு மிச்சம் ஒரே ஓர் ஆள், மார்லன். அவன் ஆட்டம் அங்கே ஞாயிறு மாலை, இங்கே திங்கள் காலை. இன்னும் சற்று நேரத்தில் தொடங்கிவிடும். ஒன்பது புள்ளி அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அவனை எடுத்துட்டு வேற ஆளைப் போடணும் செந்திலு" என்றேன்.

அவனுக்கு உடனே புரிந்தது. "தோக்கப் போறீங்களா?"

"நான் ஜெயிச்சு என்ன பண்ணப் போறேன்?"

என் கைபேசியில் ஒன்றும் அசையவில்லை. அவன் கைபேசியில் என் கணக்கைத் திறந்தோம். இடத்தைக் காலியாக விடக்கூடாது, வேண்டுமென்றே தோற்பது குற்றம் என்று கமிஷனரின் விதிமுறையில் இருக்கிறது. அதனால் யாரையாவது போட்டாக வேண்டும். ஆட வாய்ப்பே இல்லாத ஒருவனைத் தேடினோம். செந்தில்தான் கண்டுபிடித்தான். மார்லனின் அணியிலேயே அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன், ஐசக். இவனும் ஏழு சுற்றிலும் எடுபடாமல் போனவன்.

"பேரு நம்ம ஊரு பேராட்டமிருக்குது. இவன் எறங்கவே மாட்டானுங்க்கா. ஆடறவங்களுக்குத் தண்ணி குடுக்கத்தான் வெச்சிருப்பாங்க." அமுக்கினான். மார்லன் வெளியே, ஐசக் உள்ளே. எனக்கு மனசு லேசாகிவிட்டது. தியாகம் செய்தவர்களுக்கு வரும் ஒரு பெருமிதம்கூட வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தொடங்கியபோது லக்கி கம்பளியைச் சுற்றிக்கொண்டு மாடிக்கு வந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து செந்திலின் கைபேசியைப் பார்த்தாள். மார்லன் முதல் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவள் என் முழங்கையை இறுகப் பிடித்தாள். அடுத்த பந்திலும் ஓடினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் செந்திலும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

மூன்றாவது தடவை மார்லன் விழுந்தான். எல்லோரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. கணுக்கால் திரும்பிய விதத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் மறுபடி மறுபடி காட்டினார்கள். இரண்டு பேர் தோளில் கைபோட்டு அவனைக் கூட்டிப்போனார்கள்.

லக்கி எழுந்து நின்றுவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். ஆனால் முகத்தில் அது இல்லை. "ஐயோ" என்று தமிழில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சாரிம்மா" என்றாள்.

நான் அதை அனுபவிப்பதற்குள் ஐசக் இறங்கினான். இறங்கி, கொஞ்ச நேரம் யார் கண்ணிலும் படாமல் நின்றான். பிறகு பந்து அவன் கைக்கு வந்தது. ஒருவன் கையைத் தட்டிவிட்டான், ஒருவனைச் சுற்றினான், அதன்பிறகு அவனுக்கு முன்னால் யாருமே இல்லை. நாற்பது கஜத்துக்கு மேல் தனியாக ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டினான்.

"அய்யய்யோ!" என்று செந்தில் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஏன் மாமா? எனக்கு ஒண்ணும் ஆகாதே" என்று சொல்லிக்கொண்டே லக்கி திரையைத் தள்ளிப் புள்ளிப் பட்டியலைத் திறந்தாள். என் அணியில் ஐசக். ஃபுனு ஒரு புள்ளி முன்னால். அவள் மெதுவாக என்னைப் பார்த்தாள். பதினாறு வருடத்தில் அப்படியொரு மரியாதையை அவள் கண்ணில் நான் கண்டதில்லை.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் திறக்காமலே இருந்திருப்பேன். என் தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவங்களுக்கு என்ன கண்ணு தெரியும்? நீ ஜெயிக்கணும்னு, தோக்கறதுக்குத்தான் அவனைப் போட்டாங்க."

லக்கி என்னைப் பார்த்தபடியே இருந்தாள். மரியாதை போய்விட்டது.

"எனக்காகத் தோக்கப் பாத்தியா? நான் என்ன குழந்தையா?" தோளிலிருந்து கம்பளியை இழுத்தாள். "அம்மா, உனக்குத் தோக்கக்கூடத் தெரியல."

கம்பளியை அங்கேயே போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நான் எழுந்தேன். செந்தில் என்னை உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு அவள் பின்னால் ஓடினான். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. பனிக்குள் போய் மறைந்தது.

7

அவர்கள் கரடியூர்வரை போய்விட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்பதை இன்றுவரை இருவரும் எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அவள் மூக்கு குளிரில் சிவந்திருந்தது. கையில் பாதி தின்ற பஜ்ஜி.

"மாமா தீர்ப்பு சொல்லுவாரு. நான் எதிர் அணிங்கறதால நான் சொல்லக்கூடாது" என்றாள் கமிஷனர்.

செந்தில் தொண்டையைச் செருமிக்கொண்டான். விஸ்கான்சின் பள்ளிப் பிள்ளைகளின் வழக்கு வெள்ளக்கடை மொட்டைமாடியில் தீர்க்கப்பட்டது. "அக்கா, பாயிண்ட் விழுந்தது விழுந்ததுதானுங்க. நீங்க ஜெயிச்சது செல்லும். ஆனா தோக்கோணும்னு நெனைச்சீங்கல்ல, அதனால பைனலுக்கு நீங்க டீமைத் தொடக்கூடாதுங்க. உங்களுக்குப் பதிலா நான் பாத்துக்கறேன்."

நான் ஏற்றுக்கொண்டேன். அவன் கீழே போனதும் லக்கி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நவம்பர்லயே குடுத்திருக்கலாமே. ஏன் குடுக்கல?"

"குடுத்துட்டா நீ கீழ வரமாட்டியே."

அவள் பஜ்ஜியைப் பார்த்தாள். "என்னோட பேசறதுக்கு உனக்கு ஒரு பிளேயர் வேணுமா?"

"வேண்டியிருந்துச்சே" என்றேன்.

அவள் மீதிப் பஜ்ஜியை இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள். ஆறிப்போயிருந்தது. தின்றேன்.

இறுதி ஆட்டத்தில் ஃபுனு தோற்றது. செந்தில் ஒழுங்காகவே தோற்றான், யாரும் குறை சொல்லவில்லை. மார்லனுக்குக் கணுக்காலில் அறுவை நடந்தது. பிப்ரவரியில் அவன் அணி அவனை விட்டுவிட்டது. போன செப்டம்பரில் என்னையும் என் மகளையும் தவிர வேறு யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை, இப்போதும் அப்படித்தான். வேறோர் அணி அவனைச் சும்மா கூப்பிட்டுப் பார்க்கிறதாம். அவள்தான் சொன்னாள்.

உடன்பிறந்தவர்களை இந்த நாட்டுக்கு வரவழைக்க மனு போட்டால் வரிசை நகர்வதற்குள் தலை நரைத்துவிடும். செந்திலுக்காக நான் மனு போட்டதில்லை. ஆனால் லீக்கில் என் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கமிஷனர் அறிவித்துவிட்டாள், மற்றப் பத்துப் பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். கைரேகை கேட்கவில்லை, நேர்காணல் இல்லை, முதல் பெயர் தெரியவில்லையே என்று யாரும் கவலைப்படவில்லை. அணியின் பெயர்கூட மாறிவிட்டது. வெள்ளக்கடை. அதை இங்கத்துப் பிள்ளைகள் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதுவது ஏப்ரல் கடைசி ஞாயிறு காலை. நேற்றோடு இந்த வருடத்து ஏழு சுற்றும் முடிந்துவிட்டன. எடுக்கப்பட்டவர்கள் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு படம் பிடித்துக்கொண்டார்கள், ஊர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டது. என் வீட்டில் இன்று காலைதான் வேலை தொடங்கியிருக்கிறது. லக்கி சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறாள். திரையில் செந்தில், அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், ஒரு கையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறான். யாரையெல்லாம் எடுக்கவில்லை என்று இருவரும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். "இவன் ஓட்டத்தைப் பாருங்க மாமா", "கால் நல்லாத்தான் இருக்குது, அப்பறம் ஏன் கண்ணு உட்டாங்க?"

அவள் கீழே வரவேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன். வந்துவிட்டாள். நான் ஒரு பக்கம் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு தோசை ஆறிவிட்டது.

"இலக்கியா, சாப்பிட்டுட்டுப் பேசேன்" என்றேன்.

அவள் திரும்பாமலே கையைக் காட்டித் தமிழிலேயே சொன்னாள்.

"இருங்கம்மா. இன்னும் நொம்பப் பேரு இருக்காங்க."